ஆற விட்ட காய்ச்சல்

சூளைக்காரரைக் கட்டிக்கொண்டால் ஒரு தொல்லை உண்டு. மனுஷனுக்கு எதற்கும் அவசரமே வராது. பஸ் கிளம்பிவிட்டது என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும், "அடுத்த பஸ்ஸு வராமலா போயிடும்" என்று செருப்பைத் தட்டித் தட்டிப் போடுவார் என் வீட்டுக்காரர் கோதண்டபாணி. எங்கள் மகளை நான் பெற்றெடுத்த நாளில் கூட ஆஸ்பத்திரி வாசலில் நின்று டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அவர் தொழில் அப்படி. விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் அவர் சூளை பார்க்கிறார், நான் பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கிறேன். காசியம்மாளும் அங்கேதான். மூன்று பேரும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரே கூரைக்கடியில் வேலை செய்தவர்கள். சூளையில் பொம்மை வெந்து முடிந்ததும் நெருப்பை அணைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே இருக்கிற சூடு தானாக இறங்குகிற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது. பொறுக்காமல் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு அத்தனை பொம்மையும் விரிசல் விட்டுவிடும். அதனால் அவர் வாயில் எந்நேரமும் ஒரே சொல்தான். "ஆறட்டும்." நான் சண்டைக்குப் போனாலும் அதே ஆறட்டும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆறட்டும்தான் அவர் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சூளையடியில் வெறுங்காலோடு நடந்தவருக்கு உடைந்த பொம்மைச் சில்லு சுண்டுவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. எங்கள் கம்பெனியில் யாருக்கு வெட்டுப்பட்டாலும் முதல் மருந்து தொட்டியில் இருக்கிற பொம்மை மண்தான். ஈரமாக ஓர் உருண்டை எடுத்து அப்பினால் ரத்தம் நின்றுவிடும். வெள்ளை வெளேரென்று மைதா மாவு மாதிரி இருக்கிற மண், அதில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது என்று நினைப்போம். நானும் அப்பியிருக்கிறேன், காசியம்மாளும் அப்பியிருக்கிறாள், எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. இவருக்கு சுகர் இருக்கிறது. அதை யார் நினைத்தோம்? அவரும் அப்பினார், துணியைச் சுற்றினார், வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்புறம் கால் வீங்கியது. பாதம் சிவந்து கணுக்கால் வரைக்கும் மினுமினுவென்று ஆனது. ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பல் கிட்டுகிற மாதிரி நடுக்கம், காய்ச்சல். தொட்டால் கை சுட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாங்க" என்றேன்.

"காய்ச்சல்னா ஏறும், எறங்கும். ஆறட்டும் புள்ள."

மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. காசியம்மாள் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தபோது, "சூளை எறங்கிட்டுதுடி" என்று கூடச் சொன்னேன். அவளும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சூளைக்காரர் வீட்டில் சூடு இறங்குவதை விட நல்ல சேதி வேறு என்ன இருக்கிறது?

காலையிலிருந்து அவர் ஒண்ணுக்கும் போகவில்லை. வீங்கின காலை வைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டாமே, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மூச்சு மட்டும் ஓடி வந்தவர் மாதிரி வாங்கியது. காய்ச்சல் விட்ட அசதி என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

கஞ்சி ஆற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு கெளம்பிடுச்சா?"

"எந்தப் பொண்ணு?"

"பெயிண்டிங்ல ஒண்ணு புதுசா வந்திருக்குது பாரு. ஒல்லியா. பேச ஆரம்பிச்சா வாய மூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைத்தான் சொல்கிறார். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை வாய் திறந்து சொல்லாத மனுஷன், காய்ச்சல் விட்ட குஷியில் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"அது கெளம்பிடுச்சு. நீங்க சொல்லுங்க, அந்தப் பொண்ணு எப்படி?"

"நாளைக்கு அத பொண்ணு பாக்க வராங்களாம். சேத்தியாத்தோப்புலேர்ந்து. முடிஞ்சிட்டா இனிமே வேலைக்கு வராதாம்."

கரண்டியைக் கீழே வைத்தேன். அது உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேத்தியாத்தோப்பிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முதல் நாள் நான் காசியம்மாளிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். முதன்முதலாக ஒரு பொம்மை முழுவதும் நானே நிறம் போட்டிருந்தேன், ஒரு கன்னுக்குட்டி. அப்போதெல்லாம் நிறம் போட்ட பிறகுதான் பொம்மை சூளைக்குள் போகும். மூக்குக்குப் போட்ட ரோஸ், வேகிறதற்கு முன்னால் அழுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். வெந்து வந்த பிறகுதான் நிறம் கொடுக்கும். என் கன்னுக்குட்டிக்கு மூக்கு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காமலே போய்விடுவேனே என்பதுதான் என் புலம்பல். கல்யாணக் கவலையை விட எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது. அந்த வயசு அப்படி.

மறுநாள் நான் வீட்டில் புடவை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் என் நகத்தில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, கம்பெனி வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். திரும்ப வேலைக்குப் போனால் பெரிய ரகளை. அந்தச் சூளையில் இருந்த பொம்மை மொத்தமும் வெடித்துவிட்டதாம். பர்னரில் கோளாறு என்று சொன்னார்கள். சூளைக்காரப் பையனை முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினாராம். என் கன்னுக்குட்டியும் போயிற்று என்று நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பையன்தான் பின்னால் காசியம்மாளைத் தூது விட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

இதையெல்லாம் அவர் இப்போது எதற்குச் சொல்கிறார்? எனக்கு ஆசையாக இருந்தது. இன்னும் பேசட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஐஸாக இருந்தது. அந்தக் காலத்து ஷெட், தகரக் கூரையில் விழுகிற மழை, சாப்பாட்டு நேரத்தில் காசியம்மாள் கொண்டுவருகிற கருவாட்டுக் குழம்பு, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது, வெளியே பொழுது சாய்ந்துவிட்டது.

அவர் குரல் மெல்ல மெல்லக் குழறியது. திடீரென்று அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

"தெறந்துட்டேன்மா. அது பாத்துட்டுப் போவட்டும்னு ஆறங்காட்டியும் தெறந்துட்டேன். எல்லாம் வெடிச்சிட்டுது. கன்னுக்குட்டியும் வெடிச்சிட்டுது. அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பர்னர் கோளாறு இல்லை. எனக்காகத் திறந்திருக்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டிருக்கிறார், அதுவும் எனக்காக. இத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மூச்சு விடவில்லையே பாவி மனுஷன்!

"ஏங்க, நான்தாங்க அந்தப் பொண்ணு" என்று அவர் கன்னத்தைத் தொட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்லாப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

கிண்டல் இல்லை. அந்தக் கண்ணில் நான் இல்லை. அப்போதுதான் என் கைக்குள் இருந்த அவர் விரல்களைக் குனிந்து பார்த்தேன். நகமெல்லாம் நீலம் பாரித்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆயுசு பூராவும் பொம்மைக்கு உயிர் நிறம் கொடுக்கிறவள் நான். அது உயிரோடு இருக்கிற நிறம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அடியே காசியம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அவள் மகன் நந்தகுமார் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல வேளையாக வீட்டில் இருந்தான். ஜங்ஷன் ரோட்டில் அவன் அடித்த ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண், பேர் ஸ்மிருதி. ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. அவள் வந்ததும் முதல் வேலையாக அவர் விரல் நகத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"உசுரு போவுதுங்கறேன், நகத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கறியேம்மா!"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அதத்தாங்க பாக்கறேன்" என்றாள். "நகத்த அமுக்குனா வெளுத்துப் போவும். வுட்டா ஒடனே செவப்பு திரும்பணும். இவருக்குத் திரும்பவே மாட்டேங்குது."

அதற்கப்புறம் அங்கே நடந்த வேகத்தை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஒரு நர்ஸ் ரத்தம் எடுத்தாள், இன்னொருத்தி இரண்டு கையிலும் ஊசி ஏற்றி சலைனைக் கையால் அழுத்தி அழுத்தி உள்ளே விட்டாள். மூக்கில் ஆக்ஸிஜன் போட்டார்கள். கிருமிக்கான மருந்து ஊசி வழியாகப் போயிற்று. சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்கக் குழாய் வைத்தார்கள். பைக்குள் ஒரு சொட்டு வரவில்லை. சலைன் அத்தனை போயும் பிரஷர் ஏறவில்லை என்று ஸ்மிருதி யாரிடமோ சொன்னாள். பிறகு ஐ.சி.யு.வுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். காசியம்மாள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு சாத்தின கதவுக்கு முன்னால் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் தினம் தினம் அதைத்தானே செய்கிறார்.

ஸ்மிருதி வெளியே வந்து எனக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்குப் பேரு செப்டிக் ஷாக்குங்க. கால் புண்ணு வழியா கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. அத எதிர்த்து சண்டை போடப் போன ஒடம்பு, நெலை தடுமாறித் தன்னையே அடிச்சிக்க ஆரம்பிச்சிடுச்சு. ரத்தக் குழாயெல்லாம் தளந்துபோயி பிரஷர் வுழுந்துடுச்சு. மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் பத்தல. அதான் ஆள் தெரியாம பேசுனது, ஒண்ணுக்குப் போவாதது, மூச்சு வாங்குனது எல்லாம். இப்ப ரத்தக் குழாய இறுக்கிப் புடிக்கறதுக்கு ஒரு மருந்து ஓடிக்கிட்டிருக்குது. நாளைக்கிக் கால் புண்ண சர்ஜன் சுத்தம் பண்ணுவாரு. அழுகுனது உள்ள இருந்தா எந்த மருந்தும் கேக்காது."

"காய்ச்சல் எறங்கிட்டுதேம்மா" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. "சில்லுனு ஆயிட்டாரேன்னு சந்தோஷப்பட்டனே."

"அது எறங்குனது இல்லீங்க. சூடு பண்ணக் கூட ஒடம்புல தெம்பு இல்லாம போச்சு."

சூளை ஆறுவது வேறு, அடுப்பு அணைந்து போவது வேறு. இது கூடவா எனக்குத் தெரியாமல் போயிற்று? எனக்கு மட்டுமா, அவருக்கே தெரியவில்லையே. இரண்டு பேரும் சேர்ந்து அணைகிற அடுப்பைப் பார்த்து, ஆறுகிறது ஆறுகிறது என்று உட்கார்ந்திருந்தோம்.

"பொழச்சிடுவாரா?"

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்குங்க. இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றாள். பொய் சொல்லவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று.

புண்ணைச் சுத்தம் செய்தபோது சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். எடுத்தால் எடுக்கட்டும், மனுஷன் மிஞ்சட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். மகள் ஊரிலிருந்து வந்து என்னோடு உட்கார்ந்தாள். காலையும் மாலையும் சிறிது நேரம் உள்ளே விடுவார்கள். நான் போனதும் முகத்தைப் பார்க்க மாட்டேன். வாயில் மூச்சு மெஷின் குழாயும் கண்ணில் பிளாஸ்திரியுமாக அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கையைத்தான் எடுப்பேன். நகத்தை அமுக்குவேன், விடுவேன். வெள்ளையாகவே நிற்கும். வா, வா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நிற்பேன். வராது, வராது, எங்கிருந்தோ மெல்ல ஒரு அழுக்கு நிறம் வரும். அந்தக் காலத்தில் வேகாத கன்னுக்குட்டி மூக்கில் இருந்ததே, அந்த நிறம்.

நீங்கள் எனக்காகத் திறந்தீர்களே, அதை நான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கக் கூட விடாமல் போய்விடுவீர்களா? இதைத்தான் அவர் காதோடு திட்டிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் பெண்கள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

ஒரு நாள் காலையில் அமுக்கிவிட்டு விரலை எடுத்தேன். பளிச்சென்று ரோஸ் திரும்பியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு விரலை அமுக்கினேன், அதுவும் திரும்பியது. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன், லேசாகச் சுட்டது. "டாக்டரம்மா!" என்று ஐ.சி.யு. என்பதையும் மறந்து கத்திவிட்டேன். ஸ்மிருதி ஓடி வந்து பார்த்தாள். பைக்குள் சிறுநீர் வந்திருப்பதைக் காட்டினாள். ரத்தக் குழாய் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறோம் என்றாள். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வாயில் இருந்த குழாயை எடுத்த பிறகு அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். தொண்டை கரகரக்க முதல் கேள்வி கேட்டார்.

"சூளைய யாரு பாக்கறாங்க?"

"நாசமாப் போவுது சூளை!" என்றேன். "நான் யாருன்னு தெரியுதா மொதல்ல?"

"ஏன், உனக்கு என்னா ஆச்சு?" என்றார்.

வீட்டுக்கு வந்து, கட்டு பிரித்து, நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கேட்டேன். அந்தச் சூளையை ஏன் ஆறுவதற்கு முன்னால் திறந்தீர்கள் என்று. "எந்தச் சூளைய? அது பர்னர் கோளாறு" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எத்தனை விதமாகக் கேட்டும் பிடி கொடுக்கவில்லை. காய்ச்சலில் என்ன பேசினோம் என்று அவருக்கு ஒன்றும் நினைவில்லை. ஆள் தெரியாமல் போனது, ஆஸ்பத்திரியில் நகத்தை அமுக்கிப் பார்த்தது எல்லாம் நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மூளைக்கு ரத்தம் போகாதபோது பேசின பேச்சு அது, டாக்டரே சொன்னாளே. அதை நிஜம் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைகிறேனே, எனக்குத்தான் பைத்தியம் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் வலித்தது. பொய்யாக இருந்தாலும் அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

போன வாரம் நான் வேலை விட்டு மழையில் நனைந்துகொண்டு வந்தேன். ராத்திரி முழுக்கத் தும்மல். காலையில் எழுந்தால் லேசாகக் குளிர் எடுத்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான். என் நெற்றியைத் தொட்டவர் முகம் மாறிவிட்டது.

"இன்னிக்கி என்னா கெழமை, சொல்லு."

"வியாழன். ஏன்?"

"நான் யாரு?"

"எம்மேல வந்து வுழுந்த சனி."

"ஒண்ணுக்குப் போனியா?"

"அய்ய! ஆம்பள கேக்கற கேள்வியா இது?"

அவர் சிரிக்கவில்லை. வெளியே போய், "டேய் நந்தா, ஆட்டோவ எடுடா!" என்று குரல் கொடுத்தார். செருப்புக் கூடப் போடவில்லை. டீயை அடுப்பிலேயே விட்டுவிட்டு என்னைத் தள்ளாத குறையாக ஆட்டோவில் ஏற்றினார். காசியம்மாள் வாசலில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"வெறும் ஜலதோஷங்க. கஷாயம் வெச்சிக் குடிச்சிட்டு படுத்தா ஆறிடும்."

"ஆற வுட மாட்டேன்" என்றார்.

ஆட்டோ மணிமுத்தாற்றுப் பாலத்தில் ஏறியது. அவர் என் கையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு நகத்தை அமுக்கினார். எனக்கு இரண்டு நாளாக ரோஸ் பெயிண்ட் வேலை. பத்து விரலிலும் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. "தெரிய மாட்டேங்குதே" என்று முனகியபடி, குனிந்து, தன் நகத்தால் என் நகத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். சூளையைத் தவிர வேறு எதையும் அவர் இவ்வளவு உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, மெதுவாகக் கேட்டேன்.

"அந்தக் கன்னுக்குட்டிக்கு மூக்கு எப்படி வந்திருந்துது?"

"நல்லா ரோசா வந்திருந்துது" என்றார், தலையை நிமிர்த்தாமல், சுரண்டிக்கொண்டே. "காது ரெண்டும் போயிடுச்சு. மூக்குக்கு ஒண்ணும் ஆவல."

எனக்குப் பொலபொலவென்று கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. ஒரு சொட்டு அவர் கையில் விழுந்ததும் மனுஷன் வெலவெலத்துப் போய் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா, மூச்சு வாங்குதா? டேய் நந்தா, வேகமாப் போடா!"